வடகவுஞ்சியில் படம் பிடிக்கப் பழகியது

பழநியிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில், பெருமாள்மலையை அடைவதற்கு முன்னர், வடகவுஞ்சி என்னும் சிற்றூர் உள்ளது. வாழையும் காப்பியும் மிளகும் விளையும் ஊர் அது. நமது கல்லூரிப் பௌதிக சாஸ்திரப் பகுதியின் அலமாரியில் நெடுநாளாக உறங்கிக் கிடந்த ஒரு பழைய பிலிம் காமிராவை இரவல் பெற்று, நாம் நால்வர் சென்ற டிசம்பர் விடுமுறையில் அவ்வூருக்குச் சென்றோம். விசையை அழுத்தத் தெரிந்தாற் போதும், எஞ்சியவற்றைக் கருவியே பார்த்துக்கொள்ளும் என்பது அப்பொழுது நம்முடைய எண்ணம்.

கொண்டுசென்றவை இரண்டு பிலிம் சுருள்கள். முதற் சுருளில் ஒன்றேனும் பதியவில்லை. இரண்டாவதில் 36 படங்கள் பதிந்தன. அவற்றுள் பிறர்க்குக் காட்டத் தக்கவை பத்துக்கு மேல் இரா. இந்நஷ்டத்தை நாம் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் ஒரு படம் மட்டும் நம்மை வருத்தியது. நாம் தங்கிய வீட்டிற்கு அடுத்த வீட்டில் மூதாட்டியார் ஒருவர் வசித்து வந்தார். அவருடைய கணவர் அதற்கு முந்திய ஆண்டிற் காலமானவர். அவருக்கென்று எஞ்சியிருந்த உருவம் வாக்காளர் அட்டையிலுள்ள கட்டைவிரல் நகமளவு படம் ஒன்றே. "எனக்காவது ஒரு நல்ல படம் இருக்கட்டும், தம்பி. நாளைக்குப் பிள்ளைகள் சுவரில் மாட்ட வேண்டாமா?" என்று பாட்டியார் கேட்டார். நல்ல சேலை உடுத்துக்கொண்டு திண்ணையில் வந்து அமர்ந்தார். பின்புறத்துப் பள்ளத்தாக்கு முழுவதும் வெண்பனி நிரம்பி மிக அழகாயிருந்தது. நாம் உள்ளே நின்று, வெளிநோக்கி அவரைப் படம் பிடித்தோம். அச்சிட்டு அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொல்லியனுப்பியது இது: "வாழைத்தார் நன்றாக விழுந்திருக்கிறது, நான் எங்கே இருக்கிறேன்?"

அப்படத்தில் அவர் கரிய நிழலாக இருந்தார். அவர் முகம் எங்ஙனம் மறைந்தது என்பதை ஆராயப் புகுந்தபோதுதான் படம் பிடித்தலின் அடிப்படைகளை நாம் கற்கத் தொடங்கினோம். நம்மைப் போலவே தொடங்கும் மாணவ நண்பர்களுக்குப் பயன்படுமென்று அவற்றை ஈண்டு எழுதுகிறோம்.

முதலாவது, காமிரா என்பது யாது? லத்தீன் மொழியில் அச்சொல் அறை எனப் பொருள்படும். அப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதை வடகவுஞ்சியிலேயே கண்டோம். நாம் படுத்திருந்த அறையின் மரச்சன்னலில் ஓர் ஆணித்துளை இருந்தது. வெயில் ஏறிய காலையில் சன்னலைச் சாத்தியபோது, எதிர்ச்சுவரில் தெருவும் எதிர்வீட்டுத் தகரக்கூரையும் அவ்வழிச் சென்ற ஓர் ஆடும் தலைகீழாகத் தோன்றின. ஒளி நேர்கோட்டிற் செல்வதால், மேலிருந்து வரும் கதிர் துளைவழிச் சுவரின் கீழ்ப்புறத்திலும், கீழிருந்து வரும் கதிர் மேற்புறத்திலும் விழுகின்றன. பதினோராம் நூற்றாண்டிலேயே அராபிய அறிஞர் இப்னுல் ஹைதம் இதனை ஆராய்ந்து எழுதியுள்ளார். துளை சிறிதாயின் உருவம் தெளிவாயினும் மங்கல். பெரிதாயின் வெளிச்சமுண்டு, தெளிவில்லை. இரண்டையும் ஒருங்கே பெறுவதற்காகவே துளையிருந்த இடத்தில் லென்ஸ் வைக்கப்பட்டது. விடுதி அறையிற் கம்பளியால் சன்னலை மூடி, அதில் ஒரு சிறு துளை விட்டு, இப்பரீட்சையை யாவரும் செய்து பார்க்கலாம். காமிராவைத் தொடுமுன் இதைச் செய்தல் நன்று.

சுவரில் விழுந்த உருவத்தை நிலைபெறச் செய்வதே பின்னர் எழுந்த பிரச்சினை. வெள்ளி உப்புகள் ஒளிபட்டாற் கறுக்கும். 1839-இல் பாரிஸில் டாகேரும், இங்கிலாந்தில் டால்பட்டும் இவ்வியல்பைக் கொண்டு படம் செய்யும் முறைகளை வெளியிட்டனர். ஒளிபடாத உப்பைக் கரைத்து நீக்கும் 'ஹைப்போ'வின் குணத்தை ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டிருந்தார். இவ்வித்தை நம் நாட்டிற்கு வரக் காலதாமதம் ஆகவில்லை. சென்னையிற் போட்டோகிராபிச் சங்கம் 1856-இல் தோன்றியது. சென்னை அரசாங்கத்தின் படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்புறக் கல்வெட்டுக்களை 21 படங்களாகத் தொடர்ந்து எடுத்து அவர் ஒன்றாக இணைத்தது இன்றும் வியக்கத்தக்கது. அவர் பயன்படுத்தியது மெழுகூட்டிய காகித நெகடிவ். அக்காலத்தில் ஒரு படத்திற்குப் பல நிமிஷங்கள் ஒளி காட்ட வேண்டியிருந்தது. நமக்கோ ஒரு விநாடியில் 125-இல் ஒரு பங்கு போதும். ஆகவே அவசரமும் மிகுதி!

இனி, எல்லாக் காமிராக்களுக்கும் பொதுவான மூன்று கருத்துக்களைக் கூறுவோம். வடகவுஞ்சியில் மலையூற்று நீரைக் குழாய்வழிக் கொணர்ந்து குடத்தில் நிரப்புகிறார்கள். குழாய் பெரிதாயிற் குடம் விரைவில் நிரம்பும். சிறிதாயின் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். குடமே சிறிதாயின் எவ்விதத்திலும் சீக்கிரம் நிரம்பும். லென்ஸின் துவாரமே குழாய். ஷட்டர் திறந்திருக்கும் நேரமே காத்திருக்கும் நேரம். பிலிமின் உணர்ச்சி வேகமே குடத்தின் அளவு. 100 என்று குறித்த பிலிம் பெரிய குடம்; 400 என்பது அதில் நான்கில் ஒரு பங்கு கொள்ளும் சிறிய குடம். புதிய மின்னியற் காமிராக்களில் பிலிம் இல்லையாயினும் ஐ.எஸ்.ஓ. என்ற பெயரில் இவ்வெண்ணே உள்ளது. எண்ணை உயர்த்தினால் மங்கிய ஒளியிலும் படம் கிட்டும். ஆனால் படத்தில் மணல் தூவியது போன்ற பொடிகள் தோன்றும்.

துவார எண்கள் தொடங்குவோரை மிகவும் மயக்குவன. லென்ஸின் குவிதூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவதே அவ்வெண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் துவாரம் 25 மில்லிமீட்டராயின் எண் 2, துவாரம் 12.5 மில்லிமீட்டராயின் எண் 4. ஆதலின் எண் பெரிதாகப் பெரிதாகத் துவாரம் சிறிதாகும். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் வரிசையில் ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். ஷட்டர் வேகமும் 60, 125, 250, 500 என ஏறக்குறையப் பாதி பாதியாகவே குறைகிறது. ஆகவே துவாரம் 8-உம் வேகம் 250-உம் சேர்ந்து தரும் ஒளியையே, 11-உம் 125-உம் தரும், 5.6-உம் 500-உம் தரும். இதை ஒருவர் மனத்தில் நன்றாக வாங்கிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது எனலாம். நம்மில் ஒருவர் இதை உணர்வதற்குள் மூன்று கோப்பைக் காப்பி குடித்தார்.

ஒளி ஒன்றேயானால் எந்த ஜோடியைக் கொள்வது என்னும் கேள்வி எழும். அசையும் பொருளாயின் ஷட்டர் விரைவாக இருத்தல் வேண்டும். வடகவுஞ்சியில் மாலைக்காற்று எழுந்தால் வாழையிலை ஓயாது ஆடும். விநாடியில் 30-இல் ஒரு பங்கு திறந்தால் இலை வெறும் பச்சைப் புகையாகும். அசையாப் பொருளாயினும் நம் கை நடுங்கும். லென்ஸின் குவிதூரம் எவ்வளவு மில்லிமீட்டரோ, விநாடியில் அத்தனையிலொரு பங்கிற்கு மேல் கையிற் பிடித்துத் திறத்தலாகாது என்பது பழைய கணக்கு. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 60-இல் ஒரு பங்கு. துவாரத்திற்கோ வேறொரு குணமுண்டு. அது சிறுத்தால் அருகிலுள்ள மிளகுக்கொடி முதல் தூரத்து மலைவரை யாவும் தெளியும். அகன்றால் நாம் குறிவைத்த பொருள் மட்டும் தெளிந்து மற்றவை கரையும். பெரும்பாலான கைப்பேசிகளில் துவாரம் மாறுவதேயில்லை. அவை பின்புலத்தைக் கரைத்துக் காட்டுவது பெரும்பாலும் கணக்குப் போட்டுச் செய்யும் வேலை. கூந்தலின் ஓரத்தையோ வாழையிலையின் கிழிசலையோ உற்று நோக்கினால் அக்கணக்கின் பிழை தெரியும்.

ஒளியளக்கும் மீட்டர் இல்லாதவர்க்கும் ஒரு வழியுண்டு. நல்ல வெயிலில் துவாரத்தை 16-இல் வைத்து, பிலிமின் எண் எதுவோ அதற்கு அண்மையான ஷட்டர் வேகத்தைக் கொள்க. 400 பிலிமாயின் விநாடியில் 500-இல் ஒரு பங்கு. மெல்லிய மேகமாயின் துவாரம் 11, மேகமூட்டத்திற்கு 8, இருண்ட மூட்டத்திற்கு 5.6, வானம் தெரியும் நிழலுக்கு 4. காப்பித் தோட்டத்து நிழல் மரங்களின் கீழும் சோலைக்காட்டினுள்ளும் இக்கணக்குச் செல்லாது. அங்கே வெளிச்சம் நாம் நினைப்பதினும் மிகக் குறைவு. கண் இருளுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டு நம்மை ஏமாற்றிவிடும்.

இப்பொழுது பாட்டியார் படத்திற்கு வருவோம். காமிராவிலுள்ள மீட்டர் தன் முன்னுள்ளது வெண்பனியா, கரும்பாறையா என்பதை அறியாது. எதைக் கண்டாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கொண்டு கணக்கிடும். அஃதாவது தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்கைத் திருப்பும் பொருள் எனக் கருதும். பள்ளத்தாக்கு நிறைந்த பனியின் பிரகாசத்தைப் பார்த்து அது மிரண்டுபோய் ஒளியைக் குறைத்தது. பனி சாம்பலாயிற்று, கூரை நிழலில் இருந்த முகம் கரியாயிற்று. பிழை மீட்டருடையதன்று, அழகிய பனியைப் பார்த்தோமேயன்றி முகத்தின்மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்று நாம் பார்க்கவில்லை. பனியையே படம் பிடிப்பதாயின் மீட்டர் சொல்வதற்கு மேல் ஒரு படியோ ஒன்றரைப் படியோ கூட்டிக் கொடுக்க வேண்டும். முகத்தைப் பிடிப்பதாயின் அருகிற் சென்று முகத்தை மட்டும் அளந்து, அந்த எண்ணையே வைத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். கைப்பேசியில் திரையிலுள்ள முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பலவற்றில் அவ்வளவு நிலைத்து நிற்கும்.

இங்கு ஒன்று சொல்ல வேண்டும். வர்ணப் படங்களை அச்சிடுவோர் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் கம்பெனியார் அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளை நிற மாதரின் உருவமே இருந்தது. கரிய மேனியரின் முகம் நன்கு விழாமற் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பிற்காலத்தில் அது மாறியது. ஆயினும் நம் ஊர் முகங்களை நம் கண்ணால் அளந்தறியும் பழக்கம் நமக்கு வேண்டும்.

முதற் சுருள் வெறுமையானது எப்படி? பிலிமின் முனை எதிர்ச்சுருளிற் கவ்வவில்லை. விசையை அழுத்துந்தோறும் எண் மட்டும் ஓடியது. 36 கடந்து 40 ஆன பின்னும் பிலிம் தீராதது கண்டு, கடைக்காரர் தாராளமாகக் கொடுத்துவிட்டார் என்று நாம் மகிழ்ந்தது நினைக்க வெட்கமாயிருக்கிறது. ஒவ்வொரு முறை பிலிமை நகர்த்தும்போதும் இடப்புறத்துத் திருகு சுழல்கிறதா என்று பார்த்திருந்தால் முதற் படத்திலேயே உண்மை தெரிந்திருக்கும். காலைப்பனியில் தோட்டத்தோரம் நின்ற காட்டெருமை ஒன்று அச்சுருளோடு போயிற்று. போனது நல்லதே என்றும் தோன்றுகிறது. நாம் நின்ற தூரம் புத்தியுள்ளவர் நிற்கும் தூரமன்று. வனவிலங்குப் படங்களாற் புகழ்பெற்ற மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், பல கருவிகளின் உறுப்புக்களை இணைத்துத் தாமே அமைத்த காமிராவோடு காடுகளிற் பல்லாண்டு உழைத்தவர். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களை நூலகத்திற் பார்த்துவிட்டு, நம் காட்டெருமையை நாம் மறந்தோம்.

மலையிற் பழகுவோர் வேறு சிலவும் அறிய வேண்டும். குளிர்ந்த வெளியிலிருந்து அடுப்பெரியும் வீட்டிற்குள் காமிராவை அப்படியே கொண்டுவந்தால் லென்ஸில் நீர் பூக்கும். பையில் மூடியபடி அரைமணி வைத்திருந்து எடுத்தல் நன்று. தூரத்து மலைகள் நீலமாய் மங்குவது காற்று ஒளியைச் சிதறடிப்பதனால். கறுப்பு வெள்ளைப் பிலிமிற்கு மஞ்சட் கண்ணாடி ஒன்றை லென்ஸின் முன்னிட்டால் அம்மங்கல் ஓரளவு குறையும். பிலிமைக் கழுவுவதும் குளிரில் தாமதப்படும். 20 டிகிரி வெப்பத்திற்கு எழுதிய நேரத்தை மலைக்குளிர்ந்த நீரில் அப்படியே பின்பற்றினால் நெகடிவ் மெலிந்து நிற்கும். பிலிம் இப்பொழுது வெளிநாட்டிலிருந்தே வருகிறது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967 முதல் 'இந்து' என்னும் பெயரிற் பிலிம் செய்து வந்தது, அது மூடப்பட்டுவிட்டது.

வெயிலின் திசையைப் பற்றி நமக்குக் கற்பித்தவை கற்கள். பெருமாள்மலை, பேத்துப்பாறை, தாண்டிக்குடி முதலிய இடங்களில் பழங்காலக் கற்பதுக்கைகள் பல உள்ளன. செண்பகனூரிலிருந்த சேசு சபைக் குருமார் ஆங்கிலேடும் நியூட்டனும் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்பொருள் இலாகாவினர் 1928-இல் வெளியிட்டனர். புதையல் தேடுவோர் கையிற் சிதைந்த பதுக்கைகளும் உண்டு. ஆதலின் இவற்றைப் படமெடுத்து வைத்தல் விளையாட்டன்று. நண்பகலில் நாம் எடுத்த பதுக்கைப் படம் துணி உலர்த்தும் பலகையைப் போலிருந்தது. காலை ஏழரை மணிக்கு, சாய்ந்த வெயில் கல்லின் மேற்பரப்பைத் தடவிச் செல்லும்போது எடுத்ததில் உளியின் தடம் போன்ற மேடுபள்ளங்களும் தெரிந்தன. பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்தோம். அளவுகோல் இல்லாத கற்படம் பின்னால் ஆராய்வோர்க்குப் பாதிப் பயனே தரும்.

சூரியனையே நாள்தோறும் படம் பிடிப்போரும் இம்மலையில் உள்ளனர். 1899-இல் நிறுவப்பெற்ற கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தில் 1904 முதல் சூரியப் படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. 1909-இல் அங்கே ஜான் எவர்ஷெட், சூரியக் களங்கத்தின் அரைநிழற் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலைப் படங்களைக் கொண்டு கண்டறிந்தார். பழைய கண்ணாடித் தகடுகளும் பிலிம்களும் கணினிக்கு ஏற்றப்பட்டு, உலக ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுகின்றன. நாள், நேரம் முதலியவை அவ்வப்போது குறிக்கப்பட்டமையாலன்றோ நூறாண்டு கழித்தும் அவை பேசுகின்றன? நாமும் அதன்பின் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொண்டு, படந்தோறும் துவாரம், வேகம், மணி, வானிலை ஆகியவற்றை எழுதத் தொடங்கினோம். நண்பர்கள் சூரியனைக் கண்ணாலோ சாதாரணக் காமிராவின் வழியாகவோ நேரே பார்க்கத் துணிய வேண்டாம், கண் போய்விடும்.

மாசி மாதத்தில் மீண்டும் வடகவுஞ்சிக்குச் சென்றோம். பாட்டியார் முகத்தை அளந்து, குறித்துக்கொண்டு, அவரைத் திண்ணையின் மறுகோடியில் அமரச் செய்தோம். வானத்தின் ஒளி பக்கவாட்டில் அவர் முகத்தில் விழுந்தது. பின்னே இருண்ட சுவர். துவாரம் 4, வேகம் 125, குறி கண்ணின் மேல். முகம் சட்டத்தின் நடுவில் நில்லாமல் ஒருபுறம் ஒதுங்கி, பார்க்கும் திசையிற் சிறிது வெளி இருந்தால் நன்று என்று படித்திருந்தபடியே வைத்தோம். அவர் முதலில் விறைத்து அமர்ந்திருந்தார். வாழையைப் பற்றிக் கேட்டோம். முடிக்கொத்து நோய் வந்து மலைவாழை அழிந்த காலத்தையும், தாமும் கணவரும் புதுக்கன்று நட்டதையும், பழநிப் பஞ்சாமிர்தத்திற்குத் தார் இறக்கியதையும் சொல்லத் தொடங்கியபோது முகம் தானே மலர்ந்தது. ஆறு படங்கள் எடுத்தோம். நான்காவது நன்றாக விழுந்தது.

பெரிதாக அச்சிட்டு நேரிற் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதை வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பின்னர், "பக்கத்தில் இடம் விட்டிருக்கிறீர்களே, தம்பி, அவருக்காகவா?" என்று கேட்டார். நாம் சட்டத்தின் விதியை நினைத்து விட்ட இடம் அது. யாதும் சொல்லத் தோன்றாமல் நின்றோம். அவர் உள்ளே சென்று வாக்காளர் அட்டையை எடுத்து வந்தார்.

அட்டையைச் சன்னலருகே மேசைமேல் தட்டையாக வைத்து, காமிராவை அதற்கு நேர்மேலே, பிலிம் அட்டைக்கு இணையாக இருக்கும்படி முக்காலியில் நிறுத்தினோம். மேலுறையின் பளபளப்பு லென்ஸிற் படாதபடி ஒளியை இரு பக்கங்களிலிருந்தும் சாய்வாக விழச் செய்தோம்; ஒரு பக்கம் சன்னல், மறுபக்கம் வெள்ளைத் துணி. துவாரம் 8, அசையாப் பொருளாதலின் ஷட்டர் அரை விநாடி திறந்தது. நகமளவு படத்தைப் பெரிதாக்கினால் எவ்வளவு தெளிவு எஞ்சுமோ என்னும் அச்சம் இருந்தது. மூக்கும் மீசையும் நன்றாகவே வந்திருக்கின்றன. கண்கள் சற்று மங்கல். பாட்டியார் படத்தின் அளவிலேயே அதையும் அச்சிட்டு வைத்திருக்கிறோம். தேர்வு முடிந்ததும் கொண்டுபோக வேண்டும்.